குன்டர் ரம்போ: சொல்லே இல்லாத புத்தக விளம்பரங்கள்

வெண்சுவர் (இழையைத் தொடங்கியவர்)

1980-இல் வந்த ஒரு சுவரொட்டியைப் பற்றி இங்கே பேசியே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். விளம்பரம் கொடுத்தது ஜெர்மனியின் எஸ். ஃபிஷர் பதிப்பகம். செய்தவர் ஜெர்மன் வடிவமைப்பாளர் குன்டர் ரம்போ. ஒரு தடித்த புத்தகம். அதன் அட்டையில் ஒரு சன்னல். சன்னல் வழியாகப் புத்தகத்துக்கு உள்ளேயிருந்து வெயில் வெளியே பாய்கிறது. பதிப்பகத்தின் பெயரும் சின்னமும் இருக்கின்றன. அவ்வளவுதான். எந்தப் புத்தகம், யார் எழுதியது, என்ன விலை, எங்கே கிடைக்கும், எதுவும் கிடையாது.

இது தனிப் படமில்லை. 1976 முதல் 1980 வரை ஆண்டுதோறும் அந்தப் பதிப்பகத்துக்காக அவர் செய்த வரிசையில் ஒன்று. ஒன்றில் பெருங்கூட்டத்தின் நடுவிலிருந்து பிரம்மாண்டமான புத்தகம் ஒன்று எழுந்து நிற்கும். ஒன்றில் அட்டையே கதவு. இன்னொன்றில் பெட்டியைத் தூக்குவது போலக் கைப்பிடி வைத்த புத்தகம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே யோசனையை ஓவியமாக வரைந்திருந்தால் "அழகான உருவகம்" என்று பாராட்டிவிட்டு நகர்ந்திருப்போம். புகைப்படம் என்பதால் நகர முடியவில்லை. கேமராவுக்கு முன்னால் இல்லாத ஒன்று படத்தில் வராது என்று நம் கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரம்போ அந்தப் பழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். அட்டையில் சன்னல் இருக்கிறது என்று சாட்சியம் சொல்கிறது படம். விளம்பரத்தில் புகைப்படத்தை இவ்வளவு நேர்த்தியாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு என்பது என் எண்ணம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

பூந்தளிர்

அண்ணா, நான் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடத்தில் சுவிஸ் பாணி வந்தது, போலந்து சுவரொட்டி வந்தது, பாவ்ஹவுஸ் வந்தது. இவர் பெயரையே கேள்விப்பட்டதில்லை. கொஞ்சம் பின்னணி சொல்லுங்களேன்.

---

வெண்சுவர்

சொல்கிறேன் தம்பி. பிறந்தது 1938, வட ஜெர்மனியின் நொய்ஸ்ட்ரெலிட்ஸ். முதலில் கற்றது கண்ணாடி ஓவியம், ஹடமார் ஊரிலுள்ள கண்ணாடித் தொழிற்பள்ளியில். இதை மறக்காமல் வைத்துக்கொள், பின்னால் இதற்கு வருகிறேன். பிறகு காஸல் நகரின் கலைக்கல்லூரி. அங்கே அவருக்கு ஆசிரியர் ஹான்ஸ் ஹில்மன், ஐம்பதுகளிலிருந்து நோய ஃபில்ம்குன்ஸ்ட் என்ற திரைப்பட விநியோக நிறுவனத்துக்காக அருமையான சுவரொட்டிகள் செய்தவர். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ஏழு சாமுராய்' ஜெர்மனியில் ஓடியபோது அதற்குச் சுவரொட்டி செய்தவரும் ஹில்மன்தான்.

அந்தக் காலத்துக் காஸலையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். போரில் குண்டு விழுந்து நொறுங்கிப்போன ஊர். அதே ஊரில் 1955-இல் ஆர்னால்ட் போடே என்ற ஓவிய ஆசிரியர், நாஜிகள் விரட்டியடித்த நவீனக் கலையைத் திரும்பக் கொண்டுவந்து மக்கள் முன் வைக்க வேண்டும் என்று 'டாக்குமென்டா' கண்காட்சியைத் தொடங்கினார். மாணவர்கள் படித்துக்கொண்டிருந்த ஊரிலேயே உலகத்துக் கலை வந்து இறங்கியது.

ரம்போவும் கெர்ஹார்ட் லீனெமையரும் 1960-இலேயே, மாணவராக இருக்கும்போதே, சேர்ந்து ஸ்டூடியோ தொடங்கிவிட்டார்கள். 1967-இல் ஃபிராங்க்ஃபர்ட் போனார்கள். எழுபதுகளில் மிகாயெல் ஃபன் டெ ஸான்ட் மூன்றாமவராகச் சேர்ந்தார். ஆகவே "ரம்போ" என்று நாம் சொல்லும் பல வேலைகள் உண்மையில் மூவர் பெயரில் வந்தவை. 1974 முதல் ரம்போ காஸலிலேயே பேராசிரியர். 1991-இலிருந்து கார்ல்ஸ்ரூ வடிவமைப்புக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்.

---

வரிவித்தகன்

காலமெல்லாம் விளம்பரத்துக்கு வரி எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். படம் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் இதை விளம்பரம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "எஸ். ஃபிஷர்" என்பதை எடுத்துவிட்டு வேறு எந்தப் பதிப்பகத்தின் பெயரைப் போட்டாலும் படம் பொருந்தும். பொதுநூலகத்துக்கும் பொருந்தும், எழுத்தறிவு இயக்கத்துக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துவது யாருக்கும் உரியதில்லை.

ஜெர்மனியிலிருந்தே உதாரணம் தருகிறேன். 1966-இல் ஜெர்மன் ரயில்வே ஒரு சுவரொட்டி போட்டது. பனியில் ஓடும் ரயிலின் புகைப்படம். அதோடு, "எல்லாரும் வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். நாங்கள் பேசுவதில்லை." வரியை எடுத்துவிட்டால் அது பனியில் போகும் வண்டி, காலண்டரில் போடலாம். வரி சேர்ந்ததும் வாக்குறுதி ஆகிறது: சாலை அடைபட்டாலும் விமானம் நின்றாலும் நாங்கள் ஓடுவோம். புகைப்படமும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதுதான் விளம்பரம்.

---

மைன்நதிக்கரை

நான் ஃபிராங்பேர்ட்டில் இருக்கிறன். பூர்வீகம் யாழ்ப்பாணம். வரிவித்தகன் அண்ணை சொன்ன ரயில் சுவரொட்டிக்கு ஒரு தொடர்கதை இருக்கு. 1968-இல எஸ்.டி.எஸ். எண்ட சோசலிச மாணவர் அமைப்பு அதே வரியை எடுத்து, ரயிலைத் தூக்கிப்போட்டு, சிவப்புப் பின்னணியில மார்க்ஸ், ஏங்கெல்ஸ், லெனின் மூண்டு தலையையும் வைச்சுச் சுவரொட்டி அடிச்சது. "எல்லாரும் வானிலையைப் பற்றிப் பேசுகினம். நாங்கள் இல்லை." அந்தக் காலத்து மாணவர் அறைச் சுவரில தொங்கின படம் அது. இண்டைக்கும் ஜேர்மன்காரர் கனபேருக்கு அதைத் தெரியும்.

இந்த நாட்டில சுவரொட்டிக்கு எண்டே இடம் ஒதுக்கி வைச்சிருக்கினம், அதையும் சொல்ல வேணும். 1854-இல பெர்லினில ஏர்ன்ஸ்ட் லிட்ஃபாஸ் எண்ட அச்சக முதலாளி தெருவில உருண்டைத் தூண்கள் நிறுவ அனுமதி வாங்கினார். கண்ட கண்ட சுவரில ஒட்டுறதைக் குறைக்கத்தான். இண்டைக்கும் அந்தத் தூண்களுக்கு அவரின்ர பேர்தான். நாடகம், இசைக் கச்சேரி, கண்காட்சி எல்லாம் அதிலதான் ஒட்டுவினம். நடந்து போற ஆள் தூணைச் சுத்தி வரேக்க ஒவ்வொரு சுவரொட்டியும் பக்கத்திலிருக்கிறதோட போட்டி போட வேணும். ரம்போவின்ர நாடகச் சுவரொட்டிகளை அப்பிடியான தெருவில வைச்சுத்தான் யோசிக்க வேணும். புத்தகத்தில சின்னதாப் பாத்தால் அதின்ர பலம் பிடிபடாது.

---

வரிவித்தகன்

மைன்நதிக்கரை, அருமையான தகவல். ஆனால் நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். படம் போய்விட்டது, வரி தப்பிப் பிழைத்தது!

---

வெண்சுவர்

வரி தப்பிப் பிழைத்தது, சரி. ஆனால் அதை இங்கே சொல்ல உங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சன்னல் வைத்த புத்தகத்தை நான் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

"யாருக்கும் உரியதில்லை" என்பதற்கு வருகிறேன். இந்த வரிசை யாருக்குப் போனது என்று பாருங்கள். பதிப்பாளர்கள், பதிப்பாசிரியர்கள் என்று புத்தகத் தொழிலில் இருப்பவர்கள்தான் பார்வையாளர்கள். எஸ். ஃபிஷர் 1886-இல் பெர்லினில் தொடங்கிய பதிப்பகம். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன்னின் முதல் நாவலை 1901-இல் வெளியிட்டதும் அதுதான். நாஜிக் காலத்தில் ஃபிஷர் குடும்பம் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது, போருக்குப் பிறகு பதிப்பகம் ஃபிராங்க்ஃபர்ட்டில் மறுபடி வேர்விட்டது. அந்த வட்டாரத்தில் இந்தப் பெயரைத் தெரியாதவர் எவர்? அவர்களிடம் போய் "தரமான நூல்கள்" என்று வரி எழுதினால் அது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல், புத்தகம் என்றால் என்ன என்பதையே ஒவ்வொரு ஆண்டும் புதிதாக யோசிக்க வைத்தார். அப்படி யோசிப்பவர்கள் நாங்கள் என்று கையெழுத்துப் போட்டது பதிப்பகம். விற்பனை அங்கேதான் நடக்கிறது.

இதற்கு ஜெர்மன் மரபிலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ப்ரீஸ்டர் தீப்பெட்டிக்கு நடந்த சுவரொட்டிப் போட்டியில் லூசியன் பெர்ன்ஹார்ட் என்ற இளைஞர் மேசை, சுருட்டு, சாம்பல் கிண்ணம் என்று நிறைய வரைந்துவிட்டு, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு தீக்குச்சியும் "ப்ரீஸ்டர்" என்ற பெயரும் மட்டும் விட்டார். பொருள், பெயர். வேறொன்றுமில்லை. ஃபிஷர் வரிசையிலும் பொருள் இருக்கிறது, பெயர் இருக்கிறது. பொருளில் மட்டும் ஒரே ஒரு மாற்றம்.

---

பூந்தளிர்

எனக்கு ஒரு சந்தேகம். புகைப்படத்தை வெட்டி ஒட்டுவது என்றால் ஜான் ஹார்ட்ஃபீல்டு அல்லவா முதலில் நினைவுக்கு வருகிறார்? ரம்போ அவர் வழிதானே? அப்படியானால் இதில் புதுமை என்ன?

---

திரைச்சீலை

ஹார்ட்ஃபீல்டைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த ஆள். பிறந்தபோது பெயர் ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்டு, 1891, பெர்லின். முதல் உலகப் போரின் நடுவில், இங்கிலாந்தை வெறுக்கச் சொல்லி நாடே கூச்சல் போட்டபோது, வேண்டுமென்றே தன் பெயரை ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவர். தம்பி வீலாண்டின் மாலிக் பதிப்பகத்துக்குப் புத்தக அட்டைகள் செய்தார். 1928 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் செய்த சுவரொட்டி இன்றும் உலுக்கும்: ஒரு தொழிலாளியின் கை, விரல்கள் விரிந்து நம்மைப் பிடிக்க வருவது போல. "கைக்கு ஐந்து விரல்" என்று வரி. தேர்தலில் கட்சியின் பட்டியல் எண்ணும் ஐந்து.

1932-இல் ஹிட்லரின் நெஞ்சை எக்ஸ்ரேயாகக் காட்டினார். முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் தங்கக் காசுகள் அடுக்கடுக்காக. "தங்கத்தை விழுங்குகிறான், தகரத்தைக் கொட்டுகிறான்" என்று கீழே. 1933-இல் உயிர் தப்பி ப்ராக் ஓடினார், 1938-இல் லண்டன், 1950-இல்தான் ஜெர்மனி திரும்பினார், கிழக்கு ஜெர்மனிக்கு.

வித்தியாசம் என்னவென்றால், ஹார்ட்ஃபீல்டின் படம் ஒரு குறிப்பிட்ட ஆளை, அந்த வாரத்துச் செய்தியை அடிக்கிறது. அடிக்க வரி வேண்டும். ஏ.ஐ.இசட். என்ற தொழிலாளர் வார இதழில் அவர் பக்கங்களைப் பார்த்தால் படத்தோடு எப்போதும் எழுத்து இருக்கும், பல நேரம் மேற்கோள். எதிரியின் வாய்ச்சொல்லையே எடுத்து எதிரியின் படத்தோடு மோதவிடுவார். ரம்போ யாரையும் அடிக்கவில்லை. ஒரு பொருளை எடுத்து அது இன்னொன்றாகவும் இருக்கும் நிலையில் நிறுத்துகிறார்.

இன்னொன்று: ஹார்ட்ஃபீல்டு என்றதும் வெட்டின விளிம்பு தெரிகிற ஒட்டுவேலை என்று பலர் நினைக்கிறார்கள். பெர்லின் கலை அகாடமியில் இருக்கும் மூலப்படங்களில் கத்தரி விளிம்பும், வெள்ளைப் பூச்சும் தெரியும். இதழில் அச்சானதில் தெரியாது. ரீடச் செய்து, அதாவது குறைகளைக் கையால் பூசி மறைத்து, கிராவியூர் என்ற அச்சுமுறையில் வழவழப்பாக வந்தது. அவரும் பார்ப்பவர் ஒரு கணமாவது நம்ப வேண்டும் என்றே விரும்பினார்.

---

பழைய_நெகட்டிவ்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இருட்டறை வாசனையோடு வளர்ந்தவன், செய்முறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபோட்டோஷாப் வந்தது 1990-இல். ஃபிஷர் வரிசை அதற்குப் பத்து ஆண்டு முந்தியது. படங்களை மாற்றி, ஒன்றோடொன்று சேர்த்து, சேர்த்ததை மறுபடி கேமராவால் எடுப்பதுதான் ரம்போவின் வழி. அந்த "மறுபடி எடுப்பது" என்பதில்தான் ரகசியம் இருக்கிறது.

இந்த மாதிரி வேலை பொதுவாக எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். புத்தகத்தைத் தனியாக எடுக்கிறீர்கள், சன்னலைத் தனியாக எடுக்கிறீர்கள். இரண்டிலும் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வர வேண்டும். லென்ஸின் உயரமும் சாய்வும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் அட்டையும் சன்னலும் வெவ்வேறு தளத்தில் நிற்கும். மனசுக்குள் எங்கேயோ பொய் என்று மணி அடித்துவிடும். பிறகு இரண்டையும் ஒரே ரகப் பேப்பரில், ஒரே கான்ட்ராஸ்டில், தேவையைவிடப் பெரிதாக என்லார்ஜ் செய்ய வேண்டும். பெரிதாகச் செய்தால்தான் கை வேலையின் குறை பின்னால் சுருங்கும்.

வெட்டுவது பிளேடால். வெட்டின பிரிண்டைத் திருப்பிப் போட்டு, ஓரத்தை உப்புத்தாளால் பின்பக்கமிருந்து தேய்த்துத் தேய்த்து மெலிதாக்குவோம். தாளின் கனம் தெரிந்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். ஒட்டியபின் அந்த ஓரத்தைச் சாயத்தாலோ பென்சிலாலோ மூடுவோம். அப்புறம் காற்றால் சாயம் தெளிக்கும் ஏர்பிரஷ்: நிழல். வெளிச்சம் விழும் இடத்தில் எல்லாம் அதற்குரிய நிழல் இருக்கிறதா? கடினமான வேலை இதுதான். ஒட்டினதைக் கண் மன்னிக்கும், நிழல் பிசகினால் மன்னிக்காது.

இதையெல்லாம் முடித்து, படத்தைப் படமெடுக்கும் காப்பி ஸ்டாண்டில் வைத்து, இரு பக்கமும் நாற்பத்தைந்து டிகிரியில் விளக்குப் போட்டு, பெரிய ஃபார்மட் கேமராவில் எடுக்கிறோம். இப்போது வருவது ஒரே நெகட்டிவ். மொத்தப் படத்துக்கும் ஒரே கிரெய்ன் (படச்சுருளின் துகள்), ஒரே டோன். அதுவரை மேசைமேல் கிடந்தது ஒட்டுவேலை. இந்த நெகட்டிவ் கழுவி வந்ததும் அது புகைப்படம். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ கரைசலில் கிடக்கும்போது பார்த்தால், தானே செய்தவனுக்கே ஒரு நிமிஷம் நம்பத் தோன்றும்.

---

வெண்சுவர்

ஐயா, இதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன், ரொம்ப நன்றி.

கண்ணாடி ஓவியத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா. காகிதத்தில் வரைபவருக்கு வெளிச்சம் என்பது மேலிருந்து படத்தின்மீது விழுவது. கண்ணாடியில் வரைபவருக்கு வெளிச்சம் பின்னாலிருந்து படத்தை ஊடுருவி வருவது. வெளிச்சம் வரும்வரை படமே இல்லை. இளவயதில் அந்தப் பயிற்சி பெற்றவர் புத்தகத்துக்குள்ளேயிருந்து ஒளி வரும் படத்தைச் செய்தார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. இது என் ஊகம், ஆனால் அவருடைய நாடகச் சுவரொட்டிகளிலும் ஒளி வரும் இடத்தைக் கவனித்தால் இந்த ஊகம் வலுப்படுகிறது.

---

திரைச்சீலை

நாடகச் சுவரொட்டிகள் பக்கம் வந்தது நல்லதாயிற்று. எனக்கு ஃபிஷர் வரிசையைவிட அவைதான் பெரிது.

1978-இல் வந்த, 'ஆன்டிகனி' என்ற பழைய கிரேக்க நாடகத்தின் சுவரொட்டி. இருட்டில் ஒரு வெறும் நாற்காலி எரிந்துகொண்டிருக்கிறது. அரியணையா, சடங்கா, அதில் உட்கார்ந்திருந்தவர் எங்கே, எதையும் சொல்லாது. அண்ணனை அடக்கம் செய்தே தீருவேன் என்று நின்ற பெண்ணின் நாடகத்துக்கு ஒரு பெண்ணின் முகத்தைப் போடாமல் எரியும் நாற்காலியைப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நடிகர் படத்தைப் போடச் சொல்லி நெருக்கும் அரங்கு எந்த நாட்டிலும் உண்டு.

அதே ஆண்டு 'ஒதெல்லோ'. ஒரு சுவர், மழையில் நனைந்த தெரு, சுவரில் ஒட்டிய சுவரொட்டி ஒன்று. அந்தச் சுவரொட்டியைப் புகைப்படம் எடுத்ததுதான் நாம் பார்க்கும் சுவரொட்டி. தெருவில் நனையப்போகிற காகிதத்தில், ஏற்கெனவே நனைந்த காகிதத்தின் படம். ஒதெல்லோ எல்லாரும் பார்க்க நடுத்தெருவில் நிற்பவன், எல்லாரும் கடந்துபோவதும் அவனைத்தான். நாடகத்தைப் பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட இந்தப் படம் எனக்கு அதைப் புரியவைத்தது.

1988-இல் வந்த 'தென்னாப்பிரிக்க ரூலட்' என்ற நாடகத்தின் சுவரொட்டியும் இருக்கிறது. கட்டுப்போட்ட ஒரு கை. கட்டில் ஊறிய ரத்தக்கறை ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடிவில். நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். இங்கே ஹார்ட்ஃபீல்டின் கையை நினைக்காமல் இருக்க முடியாது. அந்தக் கை பிடிக்க வந்தது, இந்தக் கை அடிபட்டுக் கிடக்கிறது.

---

வரிவித்தகன்

ஆன்டிகனி நாற்காலியை நண்பர் ஒருவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாடகச் சுவரொட்டியில் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். அங்கே நாடகத்தின் பெயரே வரி. "ஆன்டிகனி" என்ற பெயரும் எரியும் நாற்காலியும் சேர்ந்தால்தான் மூன்றாவது ஒன்று பிறக்கிறது, நான் ரயில் சுவரொட்டியில் சொன்னதும் அதுவே. ஃபிஷர் வரிசையில் மட்டும் என் நிலை மாறவில்லை. அது பதிப்பகம் புத்தகத்துக்குச் செய்த மரியாதை. மரியாதை செய்வது நல்ல காரியம், ஆனால் என் அகராதியில் விளம்பரம் வேறு.

---

பூந்தளிர்

இன்னொரு கேள்வி. பழைய_நெகட்டிவ் ஐயா அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை இன்று ஏ.ஐ.யிடம் ஒரு வரி எழுதினால் நொடியில் தந்துவிடுகிறது. எங்கள் வகுப்பில் சன்னல் வைத்த புத்தகம் கேட்டால் ஐம்பது விதமாக வரும். அப்படியானால் ரம்போவின் படத்துக்கு இனி என்ன மதிப்பு?

---

பழைய_நெகட்டிவ்

பாடுபட்டதால் மட்டும் மதிப்பு வந்துவிடாது தம்பி. பாடுபட்டுச் செய்த மோசமான மாண்டாஜ்கள், அதாவது ஒட்டுப்படங்கள், எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கின்றன, நானே போட்டிருக்கிறேன். ஆனால் பாடு ஒரு காரியம் செய்யும். ஒரு படத்துக்கு வாரக்கணக்கில் உழைக்க வேண்டும் என்றால், எந்தப் படத்துக்கு உழைப்பது என்று முதலில் ரொம்ப யோசிப்பீர்கள். ஐம்பது வரும்போது தேர்ந்தெடுக்கும் வேலை கடைசியில் வருகிறது, களைத்த கண்ணோடு.

---

மைன்நதிக்கரை

எனக்கு இது வேற மாதிரித் தெரியுது. மதிப்பு நம்பிக்கையில இருந்தது. வெண்சுவர் முதலில சொன்னார்தானே, கேமராவுக்கு முன்னால இல்லாதது படத்தில வராது எண்டு கண் நம்பும் எண்டு. இண்டைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு அந்த நம்பிக்கை இருக்குமோ? என்ர மகளிட்ட சன்னல் புத்தகத்தைக் காட்டினன். "ஏ.ஐ.யா அப்பா?" எண்டுதான் முதல் கேள்வி. 1980 எண்டு சொன்ன பிறகுதான் திரும்பவும் குனிஞ்சு பாத்தவள். தேதி தெரிஞ்ச பிறகு அந்தப் படம் அவளுக்கு மாறிப்போச்சு.

---

வெண்சுவர்

நீங்கள் சொல்வது என்னைக் கலங்க வைக்கிறது. அந்த நம்பிக்கை தேய்ந்தால் இந்த முறையின் அடித்தளமே தேய்கிறது, மறுக்க முடியாது. ஆனாலும் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். எரியும் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை, நாற்காலி எரியும். அங்கே படத்தின் பலம் மாயத்தில் இல்லை, எல்லாவற்றையும் விலக்கி அந்த ஒன்றை மட்டும் நிறுத்தியதில் இருக்கிறது. ஹாம்பர்கின் ஹோல்கர் மத்தீஸ், ரம்போவைவிட இரண்டு வயது இளையவர், அவரும் நாடகத்துக்குப் பொருள்களைக் கையால் ஜோடித்துப் புகைப்படமெடுத்தே சுவரொட்டி செய்தார். அந்தத் தலைமுறை முழுவதும் பொருளை நம்பியது. ஒரு பொருளை நீண்ட நேரம் பார்த்தால் அது தன் கதையைச் சொல்லும் என்று நம்பியது.

---

பூந்தளிர்

ஐயா, எனக்கு இதைக் கையாலேயே ஒரு தடவை செய்து பார்க்க ஆசை. கல்லூரியில் இருட்டறை இல்லை. எப்படித் தொடங்கலாம்?

---

பழைய_நெகட்டிவ்

இருட்டறை இல்லாவிட்டால் பரவாயில்லை. இரண்டு பொருளை ஒரே சன்னல் பக்கம், ஒரே நேரத்து வெளிச்சத்தில், கேமராவை ஸ்டாண்டிலிருந்து அசைக்காமல் எடுங்கள். மேட் பேப்பரில் பெரிதாகப் பிரிண்ட் போடுங்கள், பளபளப்புத் தாள் வேண்டாம், காப்பி எடுக்கும்போது விளக்கு மினுங்கும். இங்க்ஜெட் தாளில் ஓரத்தைத் தேய்த்தால் மேல்பூச்சு உரியும், அதனால் சாய்வாக வெட்டி, வெட்டின வெள்ளையைக் கறுப்புப் பென்சிலால் மூடுங்கள். நிழலைச் சார்கோலால் போட்டுப் பஞ்சால் மெதுவாகத் தேயுங்கள். பிறகு மொத்தத்தையும் சமமான வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுங்கள். முதல் படத்தில் நிழல் கட்டாயம் பிசகும். பிசகினதையும் இங்கே போடுங்கள், எந்தப் பக்கம் தவறியது என்று பார்த்துச் சொல்கிறேன்.